ஆராய்ச்சியும் அளவுகோலும்

நெல் விளையும் நாட்டில் வாழ்வோர்க்கு அளவையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, ஊர்களுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளிகளிற் சூடு மிதித்த காலத்தில், களவெட்டியிற் குவிந்ததை எவரும் உடனே மரைக்கால் கொண்டு அளந்ததில்லை. முதலிற் காற்றிலே தூற்றினர். பதர் பறந்தது; மணி நின்றது. அதன் பின்னரே அளந்தனர். இன்று அறுவடை இயந்திரம் அவ்வேலையைத் தன் வயிற்றினுள்ளேயே முடித்துவிடுகின்றது. எனினும் தூற்றிய பின்னரே அளத்தல் என்னும் முறை மாறவில்லை.

நெல்லின் விளைவைப் போலவே அறிவின் விளைவையும் அளக்கவேண்டிய தேவை இன்று இக்கரையோரத்துக்கு ஏற்பட்டிருக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்துள்ளது. அங்கே பொறியியற் பீடம் உண்டு. சம்மாந்துறையிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. தம் பிள்ளைகள் வைத்தியராகவோ ஆசிரியராகவோ வரவேண்டுமென்று முன்னர் விரும்பிய பெற்றோர், இன்று அவர்களைக் கணினிப் பொறியியலாளராகவும் ஆராய்ச்சியாளராகவும் காண விரும்புகின்றனர். ஆனால், ஓர் ஆராய்ச்சியாளர் என்ன விளைவித்தார் என்பதை எதனைக் கொண்டு அறிவது?

இவ்வினாவிற்கு உலகம் இன்று தரும் விடை பெரும்பாலும் எண்களாகவே இருக்கின்றது. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அக்கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எடுத்தாண்டது எத்தனை தடவை என்பனவே அவ்வெண்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பதவி உயர்வின்போது ஆய்வுக் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. உலகப் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்துவோரும் மேற்கோள் எண்ணிக்கையை ஓர் அளவாகக் கொள்கின்றனர். ஓர் இளம் விரிவுரையாளரின் எதிர்காலம் இவ்வெண்களிலே தங்கியிருக்கும்போது, அவை எவ்வாறு பிறந்தன, எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டாது விடுகின்றன என்பவற்றை ஆராய்ச்சியாளர் மட்டுமன்றி அவரை வளர்த்துவிட்ட ஊராரும் அறிந்திருத்தல் நன்று.

ஆராய்ச்சியாளர் ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்புகின்றார். அத்துறை வல்லுநர் இருவரோ மூவரோ அதனைப் பரிசீலித்து, குறை கண்டவிடத்துத் திருத்தச் சொல்லி, தகுதி கண்டாற் பிரசுரிக்க இசைகின்றனர். கணினித் துறையிலே மற்றொரு வழக்கமும் உண்டு. அத்துறை விரைந்து வளர்வதால், சிறந்த மாநாடுகளிற் படிக்கப்படும் கட்டுரைகளும் இவ்வாறே பரிசீலிக்கப்பட்டு, சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு நிகராக மதிக்கப்படுகின்றன. இதனை அறியாத பிற துறையார், கணினிப் பொறியியலாளர் ஒருவரின் பட்டியலிற் சஞ்சிகைகளை மட்டும் எண்ணிவிட்டு, அவர் உழைப்பிற் பாதியைக் காணாது போவதுமுண்டு.

பின்னர் வரும் ஆராய்ச்சியாளர், முன்னவர் கண்டதைத் தம் வாதத்திற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுகின்றார். இதுவே மேற்கோள். இவ்வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. என்ப என்றும் என்மனார் என்றும் தொல்காப்பியம் தனக்கு முற்பட்டோரைச் சுட்டுகின்றது. யாப்பருங்கல விருத்தியுரை எடுத்தாண்டமையினாலேதான் மறைந்துபோன பல நூல்களின் பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. எடுத்தாள்பவர் முன்னோர்க்கு மரியாதை செய்வதோடு நின்றுவிடாமல், அழிய இருந்த அறிவையும் காப்பாற்றுகின்றார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இக்கரையோர ஊர்களின் அரபுக் கல்லூரிகளிற் பயின்றோர் இதனை இன்னும் நுட்பமாக அறிவர். ஹதீஸ் கலையில் ஒரு செய்தி எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்னும் அறிவிப்பாளர் வரிசையே முதலில் ஆராயப்படுகின்றது. கிறித்து ஆண்டு 870இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள், அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்ததோடு, அவர் தமக்குச் செய்தி சொன்னவரை நேரிற் சந்தித்தவர்தாமா என்பதையும் ஆராய்ந்தார்கள். மிகப் பலர் வழியாக வந்த செய்திக்குத் தனி மதிப்பு உண்டு என்பதும் அக்கலையின் கொள்கையே. அதாவது, அங்கே எண்ணிக்கையும் உண்டு, நம்பகமும் உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள அக்கலை இடந்தருவதில்லை.

விஞ்ஞானக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் வழக்கம் மிக எளிய தேவையொன்றிலிருந்து தோன்றியது. 1927ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பொமோனா என்னும் சிறிய கல்லூரியைச் சேர்ந்த குரோஸ் என்னும் குடும்பப் பெயருடைய இருவர், தம் நூல் நிலையத்திற்கு எந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்கலாம் என்று ஆராய்ந்தனர். பணமோ குறைவு, சஞ்சிகைகளோ பல. ஆகவே, புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் எழுதியோர் எவ்வெவற்றை மேற்கோளாகக் காட்டியுள்ளனர் என்று எண்ணிப் பார்த்து, அதன்படி தெரிவு செய்யலாம் என்றனர்.

அடுத்த தூண்டுதல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கல்முனை நீதிமன்றங்களில் வழக்குரைக்கும் சட்டத்தரணிகள் முன்னைத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவதை நேயர்கள் அறிவார்கள். ஒரு தீர்ப்பைப் பின்வந்த நீதிபதிகள் ஏற்றனரா, மறுத்தனரா என்பதைக் காட்டும் பட்டியல்களை ஷெப்பர்ட் என்பார் 1873ஆம் ஆண்டு முதலாக அமெரிக்காவில் வெளியிட்டு வந்தார். அம்முறையை விஞ்ஞானத்துக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்பீல்ட் என்பார் 1955ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய நிலையம் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் சுட்டி 1964ஆம் ஆண்டு முதல் ஒழுங்காக வெளிவந்தது. ஒரு கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர், அதன் பின் அக்கருத்து எங்கெங்கு சென்றது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். ஆக, இவ்வெண்கள் பிறந்தது நூல் நிலையத்தாரின் தெரிவுக்கும் கட்டுரை தேடுவோரின் உதவிக்குமே. மனிதரைத் தரம் பிரிக்கும் வேலை பின்னர் வந்து சேர்ந்தது.

அவ்வேலைக்கு இன்று மிகுதியும் பயன்படுவது எச் சுட்டெண் என்பது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டில் இதனை முன்வைத்தார். ஓர் உதாரணத்தால் இதனை எளிதில் உணரலாம். ஒருவர் ஒன்பது கட்டுரைகள் எழுதியுள்ளார் என்க. அவை முறையே 40, 22, 15, 9, 6, 5, 2, 1 தடவைகள் எடுத்தாளப்பட்டன. கடைசிக் கட்டுரையை எவரும் எடுத்தாளவில்லை. இவற்றுள் ஐந்து கட்டுரைகள் ஐந்து தடவையேனும் எடுத்தாளப்பட்டுள்ளன. ஆறு கட்டுரைகள் ஆறு தடவையேனும் எடுத்தாளப்படவில்லை. ஆகவே அவருடைய சுட்டெண் ஐந்து. ஒரே கட்டுரையாற் புகழ் பெற்றவரையும், எவரும் படியாத கட்டுரைகளை எழுதிக் குவித்தவரையும் இச்சுட்டெண் உயர்த்துவதில்லை. இடைவிடாது பயனுள்ள பணி செய்தவரை உயர்த்துகின்றது. அதுவே அதன் சிறப்பு. அதன் குறையும் அதனுள்ளேயே இருக்கின்றது.

முதலில், மேற்கோள் எண்ணிக்கை உண்மையைக் கூறும் இடம் ஒன்றைக் காண்போம். தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. மோகன், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் பயின்று 1977ஆம் ஆண்டில் வெளியேறியவர். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவிற் சேர்ந்தார். அவரும் துணை ஆசிரியர் நால்வரும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஏரீஸ் என்னும் முறையை விளக்குவது. ஏறத்தாழ 70 பக்கங்கள் கொண்டது.

அம்முறையின் உட்பொருளை ஒரு கடைக்காரர் விளங்கிக்கொள்வார். ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்கிற்கு வங்கியின் கணினி பணத்தை மாற்றிக் கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிடுகின்றது. ஒரு கணக்கிற் கழிக்கப்பட்டது, மற்றதிற் சேர்க்கப்படவில்லை. என்ன செய்வது? பேரேட்டில் எதனையும் மாற்றுமுன், செய்யப்போவதை நாட்குறிப்பேட்டில் முதலில் எழுதிவிட வேண்டும். மின்சாரம் மீண்டபின், குறிப்பேட்டைப் பார்த்து நடந்தவற்றையெல்லாம் மறுபடி செய்து, பின்னர் முற்றுப்பெறாதவற்றை மட்டும் நீக்கவேண்டும். குறிப்பேட்டை முதலில் எழுதும் வழக்கம் முன்னரும் இருந்தது. பலர் ஒரே வேளையில் வேலை செய்யும் பெருங்கணக்குகளிலும் பிழை நேராதவாறு இதனைச் செய்யும் முறையையே அக்கட்டுரை முழுமையாக வகுத்தது. ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற் முதலிய நிறுவனங்களின் தரவுத்தள மென்பொருள்கள் அம்முறையைப் பின்பற்றின. தரவுத்தளத் துறையினர் 1996ஆம் ஆண்டில் மோகனுக்குத் தம் புத்தாக்க விருதை அளித்தனர். அக்கட்டுரை அத்துறை மாணவர்க்குப் பாடமாயிற்று. இங்கே எடுத்தாண்டோரும் பலர், பயன்படுத்தியோரும் பலர். எண்ணும் பயனும் ஒத்துச் சென்றன.

எல்லா இடத்தும் அவ்வாறு ஒத்துச் செல்வதில்லை. பதர் கலந்த குவியலையும் மரைக்கால் நெல்லென்றே அளக்கும். தம் கட்டுரைகளைத் தாமே தேவையின்றி எடுத்தாளுதல், நண்பர் சிலர் தமக்குள் ஒருவரையொருவர் எடுத்தாண்டு எண்ணை உயர்த்துதல், பணம் பெற்றுக்கொண்டு எதனையும் பரிசீலனையின்றி வெளியிடும் சஞ்சிகைகளில் எழுதுதல் ஆகியவை இத்துறையின் பதர். மறுப்பதற்காக எடுத்தாளப்படுவதும் உண்டு. தடுப்பூசிக்கும் பிள்ளைகளின் மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் எண்ணத்தைப் பரப்பிய கட்டுரையொன்றை லான்செட் என்னும் மருத்துவச் சஞ்சிகை 1998ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2010ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அக்கட்டுரை பல நூறு தடவைகள் எடுத்தாளப்பட்டது. அதன் தவற்றைச் சுட்டி எழுதியோரே அவர்களிற் பெரும்பாலார். எண்ணும் இயந்திரமோ புகழையும் இகழையும் வேறுபிரித்து அறியாது.

இனி, மணியே ஆயினும் மரைக்காலுள் அடங்காததும் உண்டு. கல்முனைக்கு அணித்தான காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, கணிதத்தையும் இசையையும் இணைத்து அவர் எழுதிய யாழ்நூல், அவர் மறைந்த 1947ஆம் ஆண்டிலேதான் அரங்கேறியது. எத்தனை அறிஞர் எத்தனை தடவை எடுத்தாண்டாலும், எச் சுட்டெண்ணின் கணக்கில் அந்நூல் ஒன்று என்னும் எண்ணுக்கு மேல் ஏறாது. பல்லாண்டு உழைத்து ஒரு பெருநூல் இயற்றுவோரை அளக்க அச்சுட்டெண் பொருந்தாது என்பதற்கு, இம்மண்ணின் மைந்தரே சான்றாக நிற்கின்றார்.

கணினித் துறையிலும் இத்தகைய சான்று உண்டு. அதுவும் இக்கரையோரத்தின் துயரத்தோடு தொடர்புடையது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களை உள்ளிட்ட அம்மாவட்டத்தில் மாண்டோர் 10,000 பேருக்கு மேல். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே மருந்து வேண்டும், எங்கே உணவு குவிந்து கிடக்கின்றது என்று அறியமுடியாது நாடு தத்தளித்த அந்நாட்களில், இலங்கைக் கணினிப் பொறியியலாளர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி ஒரு மென்பொருளை உருவாக்கினர். சகன என்று அதற்குப் பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, உதவி வேண்டுவோரையும் வழங்குவோரையும் இணைக்கும் பகுதி ஆகியவை அதில் அமைந்தன. எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று அதனை உலகுக்கு வழங்கினர்.

2005ஆம் ஆண்டிற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும், 2006ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சில் மண்சரிவு ஏற்பட்டபோதும், 2010ஆம் ஆண்டில் எயிட்டி நாடு நிலநடுக்கத்தால் நிலைகுலைந்தபோதும் அம்மென்பொருள் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டிற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால், முகாமொன்றில் தன் பிள்ளையின் பெயரைப் பதிவிற் கண்டுகொள்ளும் தாய், அதற்காக மேற்கோளுடன் கட்டுரை எழுதப் போவதில்லை. இத்தகைய பணிக்கு மாதங்களைச் செலவிட்ட பொறியியலாளர் ஒருவரின் பட்டியலிற் கட்டுரைகளுக்குரிய இடம் அவ்வளவிற்கு வெறுமையாக இருக்குமாயின், குறை அவரிடமா, பட்டியலிடமா?

எண்ணுவதோடு நில்லாமல் நிறுக்கவும் வேண்டும் என்பதைக் கணினி அறிஞரே விரைவில் உணர்ந்தனர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான சேர்ஜி பிரின், லரி பேஜ் இருவரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இங்கு நினைக்கத்தக்கது. ஓர் இணையப் பக்கம் மற்றொன்றைச் சுட்டுவதை, ஒரு கட்டுரை மற்றொன்றை மேற்கோள் காட்டுவதற்கு அவர்கள் ஒப்பிட்டனர். ஆயினும் சுட்டுதல்களை வெறுமனே எண்ணவில்லை. மதிப்புமிக்க பக்கம் சுட்டினால் மதிப்பு மிகுதி. எவரும் பொருட்படுத்தாத பக்கம் சுட்டினால் மதிப்புக் குறைவு என்று கணக்கிட்டனர். கூகுள் தேடுபொறி அவ்வடிப்படையிலேயே எழுந்தது. சொல்பவர் யார் என்று பாராமற் சொன்னவர் தொகையை மட்டும் எண்ணலாகாது என்னும் பழைய அறிவு, இங்கே கணித உருவம் பெற்றது.

விஞ்ஞான உலகமும் இதனை உணரத் தொடங்கியுள்ளது. 2012ஆம் ஆண்டிற் சான் பிரான்சிஸ்கோ நகரில் உருவான பிரகடனம், ஒரு சஞ்சிகைக்குக் கணக்கிடப்படும் தாக்கக் காரணி என்னும் எண்ணைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளர் ஒருவரை மதிப்பிடலாகாது என்றும், அவருடைய ஆராய்ச்சியின் உள்ளீட்டையே பார்க்கவேண்டும் என்றும், மென்பொருளும் தரவுகளும் ஆராய்ச்சியின் விளைவுகளே என்றும் வலியுறுத்தியது. விபுலானந்தர் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிற் சீர்காழிப் பகுதியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் இருப்பது பயன்படுவதற்கே என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. நூலுக்குப் பொருந்துவது ஆராய்ச்சிக்கும் பொருந்தும்.

இவ்விடயம் ஒலுவில் போன்ற இளம் பல்கலைக்கழகங்களுக்கு மிகவும் நெருக்கமானது. உலகெங்கும் பல்லாயிரவர் ஆராயும் பொருளைத் தெரிந்தெடுப்பவர்க்கு எடுத்தாள்வோரும் பலர் கிடைப்பர். தமிழ்க் கையெழுத்தைக் கணினி படிக்கச் செய்யும் முறையையோ, வாய்க்கால் நீரை அளந்து வயற்காரருக்கு அறிவிக்கும் கருவியையோ, ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துச் செல்வதைக் கணிக்கும் வழியையோ ஆராய்பவர்க்கு அத்தொகை கிடைப்பது அரிது. எண் ஒன்றே அளவாயின், தம் ஊரின் தேவையைக் கைவிடுமாறு அவ்வெண்ணே அவரைத் தூண்டும். ஊரின் பல்கலைக்கழகம் ஊருக்குப் பயன்படாமற் போகும் ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. அதே வேளையில், ஊருக்குச் செய்தோம் என்று சொல்லி, பிறர் பரிசீலிக்க இயலாதபடி பணியை மறைத்து வைப்பதும் தகாது. எழுதி வெளியிட்டு, வல்லார் முன் வைத்து, குற்றம் கூறுவோர்க்கு விடையிறுத்தாலன்றி ஆராய்ச்சி உறுதி பெறுவதில்லை.

ஆகவே, ஒருவருடைய ஆராய்ச்சிப் பட்டியலைக் கையிலெடுப்போர் எண்களை ஒதுக்கவேண்டியதில்லை. அவற்றோடு சில வினாக்களையும் கேட்டல் வேண்டும். இவர் தம் பணிகளுள் தலைசிறந்தவை என்று எவற்றைக் கருதுகின்றார்? பலர் சேர்ந்து எழுதியதில் இவர் செய்த பங்கு யாது? எடுத்தாண்டோர் யாவர், எதற்காக எடுத்தாண்டனர்? கட்டுரைக்கு வெளியே அப்பணி எவர் கைக்குச் சென்று பயன்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை காணப் பொறுமை வேண்டும். கட்டுரைகளைப் படிக்கவும் வேண்டும். ஆண்டுக் கணக்கில் உழைத்த ஒருவரின் பணியை மதிப்பிட அமர்வோர், அதற்கென ஓரிரு நாட்களைச் செலவிடுவது மிகையன்று. அவ்வாறு மதிப்பிடும் வழக்கம் நிலைபெறுமாயின், ஒலுவிலில் இன்று முதலாம் ஆண்டிற் பயிலும் மாணவர் தம் ஊரின் தேவையையும் உலகின் அறிவையும் ஒருங்கே கருதி ஆராய்ச்சியில் இறங்கத் தயங்கமாட்டார்.